பழைய ஸ்பிட்ஃபயருக்கு ஃபாஸ்ட்பேக் கூரை: படம் போடுறதுல ஆரம்பிச்சு போல்ட் மாட்டுற வரைக்கும்

என்கிட்ட ஒரு 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, ரெண்டு சீட்டு திறந்த கார், இருக்கு, இங்க இங்கிலாந்துல மிட்லண்ட்ஸ் பக்கம் தான் வீடு, வண்டி பொறந்த கவன்ட்ரியும் ரொம்ப தூரம் இல்ல. துணி டாப்ப போட்டுக்கிட்டு ஜனவரி மழைல ஓட்டி ஓட்டி அலுத்துப் போய் தான் இதுக்கு டிக்கி வரைக்கும் சரிஞ்சு இறங்குற ஒரு ஃபாஸ்ட்பேக் கூரை பண்ணணும்னு இறங்கினேன். பண்ணி முடிச்சு ரெண்டு குளிர்காலம் ஓட்டியாச்சு. எப்படி பண்ணேன்னு கேக்குறவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு பதில் மொத்தமா எழுதிடறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

முதல்ல ஒண்ணு. எல்லாரும் கேக்குறது பைபர்கிளாஸ் பத்தி தான், ரெசின் எவ்ளோ, எத்தன லேயர்னு. அதெல்லாம் கடைசில வர்ற வேலை, கத்துக்கிட்டா யாருக்கும் வந்துடும். கூரை நல்லா வருமா வராதாங்கறது ரெண்டே இடத்துல முடிவாகுது, ஒண்ணு வின்ட்ஷீல்டோட உச்சி, இன்னொண்ணு வண்டியோட வால். இந்த ரெண்டு புள்ளிய சரியா பிடிச்சுட்டா நடுவுல இருக்குற கோடு கிட்டத்தட்ட தானா வந்துடும், தப்பா பிடிச்சா எவ்ளோ பட்டி போட்டு தேய்ச்சாலும் பானை மேல மூடிய கவுத்து வச்ச மாதிரி தான் நிக்கும்.

இதுக்கு நல்ல பாடம் எம்ஜி கம்பெனியோட எம்ஜிபி ஜிடி, அதாவது எம்ஜிபிங்கற திறந்த காரோட (ரோட்ஸ்டர்) கூரை போட்ட வடிவம். எம்ஜிபி ரோட்ஸ்டர் 1962ல வந்துச்சு, ஏபிங்டன் ஃபேக்டரில எம்ஜி ஆளுங்களே அதுக்கு கூரை போட்டுப் பாத்தாங்க, ரோட்ஸ்டரோட குட்டை வின்ட்ஷீல்ட அப்படியே வச்சுக்கிட்டு பண்ணதால எதுவும் சரியா உக்காரல. அப்புறம் இத்தாலில பினின்ஃபரீனாங்கற கார் டிசைன் கம்பெனிகிட்ட போச்சு. அவங்க செஞ்ச முக்கியமான காரியம் வின்ட்ஷீல்ட உயர்த்துனது, அவ்ளோதான், அதுக்கப்புறம் கூரை கோடு நேரா ஓட இடம் கிடைச்சுடுச்சு, 1965ல வண்டி வெளிய வந்துச்சு, இன்னிக்கும் பாத்தா கண்ணுக்கு குளிர்ச்சியா இருக்கு. இன்னொரு பக்கம் விம்பிள்டன்ல இருந்த டவ்ங்கற ட்ரையம்ப் டீலர் டிஆர்4க்கு கூரை போட்டு ஜிடிஆர்4ன்னு வித்தாங்க, பாடி வேலை ஹோவ் ஊர்ல இருந்த ஹாரிங்டன், பஸ் பாடி கட்டுற கம்பெனி. வேலைத்தனம் அருமை, ஆனா பின்னாடி குழந்தைங்க சீட்டும் வேணும் தலைக்கு இடமும் வேணும்னு பண்ணதுல கூரை தூக்கலா நிக்கும், பக்கவாட்டுல பாத்தா கண்ணு அங்கயே போய் முட்டும். அதே ஹாரிங்டன் சன்பீம் ஆல்பைனுக்கு பண்ண கூரைல அந்தக் குறை கம்மி, அந்த ஆல்பைன் தான் 1961 லெ மான் பந்தயத்துல (பிரான்ஸ்ல நடக்குற 24 மணி நேர கார் ரேஸ்) எரிபொருள் சிக்கனத்துக்கான தெர்மல் எஃபிஷியன்சி பரிசு வாங்குனது. இந்த மூணு வண்டி போட்டோவையும் பக்கவாட்டுல பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி வச்சுக்கோங்க, நான் வச்சிருந்தேன், எத வரைஞ்சாலும் பக்கத்துல வச்சு பாக்க உதவும்.

ஸ்பிட்ஃபயர்காரங்களுக்கு கைல வெண்ணெய் இருக்கு. இந்த வண்டிய வரைஞ்ச ஜொவானி மிக்கெலோட்டியே 1963ல இதுக்கு ஃபாஸ்ட்பேக் கூரை வரைஞ்சாரு. சின்ன நாலு சிலிண்டர் எஞ்சின் அந்த எடைய இழுக்க திணறுச்சு, அதனால 1998 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினப் போட்டு 1966ல ஜிடி6னு விட்டாங்க. ஆனா அந்த கூரை அதுக்கு முன்னாடியே ஓட்டப் பந்தயத்துக்கு போயிடுச்சு, அந்த புரோட்டோடைப்லேர்ந்து எடுத்த வடிவத்த பைபர்கிளாஸ்ல அடிச்சு லெ மான் ஸ்பிட்ஃபயர் மேல மாட்டி 1964ல ஓட்டுனாங்க, 1965ல கிளாஸ் ஜெயிச்சாங்க, மொத்தத்துல 13வது இடம். அதாவது லேசான கூரைய மாட்டுனா சின்ன எஞ்சினே போதும்னு கம்பெனியே காட்டிட்டுப் போயிருக்கு. நம்ம வேலையோட எடை இலக்கு அங்கேர்ந்து தான் வருது.

சரி, எந்த வண்டில பண்ணப் போறீங்க? ஸ்பிட்ஃபயர், டிஆர்4 மாதிரி தனி சேஸிஸ் உள்ள வண்டின்னா பாடியும் சேஸிஸும் வேற வேற. எம்ஜிபி, மிட்ஜெட், ஸ்பிரைட், ஆல்பைன் எல்லாம் மோனோகாக், பாடியே தான் எலும்பு. எதுவா இருந்தாலும் என் கருத்து இது தான், வண்டில ஒரு இடத்தையும் அறுக்காதீங்க, வெல்டிங் வைக்காதீங்க. கம்பெனி ஹார்டுடாப் (கழட்டி மாட்டுற கெட்டிக் கூரை) மாட்ட ஏற்கனவே பாயிண்ட் இருக்கு, அதுலயே போல்ட் பண்ற மாதிரி டிசைன் பண்ணுங்க. ஜூன் மாசம் கழட்டி கராஜ் சுவத்துல தொங்க விட்டுட்டு திறந்த வண்டியா ஓட்டலாம். இன்னொரு காரணமும் இருக்கு, இங்க பிரிட்டன்ல 40 வருஷம் தாண்டுன வண்டிக்கு எம்ஓடிங்கற வருஷாந்திர வண்டிச் சோதனைலேர்ந்து விலக்கு இருக்கு, ஆனா சேஸிஸையோ மோனோகாக் பாடியையோ பெருசா மாத்திட்டா அது போயிடும், ரெஜிஸ்ட்ரேஷன்லயும் டிவிஎல்ஏ (வண்டிப் பதிவு பாக்குற அரசு அலுவலகம்) கேள்வி கேக்கலாம். போல்ட் போட்டு மாட்டுற கூரைக்கு இந்த தலைவலி இல்ல. அறுத்தே தான் ஆகணும்னா அறுக்குறதுக்கு முன்னாடி டிவிஎல்ஏக்கு எழுதிக் கேட்டுடுங்க. இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எப்படி இருந்தாலும் சொல்லணும்.

இப்ப அளவு எடுக்குறது. வண்டிய ஜாக்கி ஸ்டாண்டுல நிறுத்தி அளவு எடுக்காதீங்க, சமமான தரைல டயர்ல காத்து சரியா வச்சு நிறுத்துங்க, டிரைவர் சீட்டுல உங்க எடைக்கு மணல் மூட்டைய வைங்க. ஏன்னா இந்த வண்டியெல்லாம் வளையும், நிக்குற விதம் மாறினா கதவு சந்தே மாறும், இத பத்தி கீழ இன்னும் சொல்றேன், நானே பட்டிருக்கேன். தரைல நடுக்கோடு ஒண்ணு சாக் பீஸ்ல போட்டு, முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் 150 மில்லிக்கு (மில்லிமீட்டர தான் மில்லின்னு சொல்றேன்) ஒரு குறுக்குக் கோடு. ஒவ்வொரு கோட்டுலயும் தூக்குக்குண்டு விட்டு பாடி எங்க இருக்கு, எவ்ளோ உயரம்னு எழுதிக்கணும். லேசர் லெவல் இருந்தா சுலபம், இல்லாட்டி தூக்குக்குண்டும் ரசமட்டமும் போதும்.

மாறவே மாறாத புள்ளிகள்னு சிலது இருக்கு, அத தனியா சிவப்புல குறிச்சுக்கோங்க. வின்ட்ஷீல்டு மேல் சட்டத்தோட வளைவு, மேலேர்ந்து பாத்தா அது நேர் கோடு கிடையாது. கதவுக் கண்ணாடி முழுசா ஏறி நிக்கும்போது அதோட மேல் விளிம்பும் பின் மூலையும். கதவுக்குப் பின்னாடி டெக்ல, அதாவது சீட்டுக்குப் பின்னாடி இருக்குற பாடியோட மேல் தளத்துல, ஹார்டுடாப் போல்ட் ஓட்டை. டிக்கியோட பின் விளிம்பு. அப்புறம் உங்க தலை. சீட்டுல உங்க வழக்கப்படி உக்காந்துக்கோங்க, கூட ஒருத்தர வச்சு தலை உச்சி உயரத்த எடுக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல குறைஞ்சது 50 மில்லி காலி இடம், அதுக்கும் மேல கூரையோட தடிமனும் உள் லைனிங்கும் ஒரு 15 மில்லி. இது தான் உங்க கூரை இறங்கக்கூடிய எல்லை. ரொம்ப உயரமானவங்க முதல்ல சீட்ட இறக்குறத பத்தி யோசிங்க, சீட்டு ரெயில்ல கிடைக்கிற 20 மில்லி கூரைல கிடைக்கிற 20 மில்லிய விட எவ்வளவோ மேல்.

படம் முழு அளவுல போடணும். சுவத்துக்கு ஒட்டுற லைனிங் பேப்பர் ரோல் வாங்கி நீளமான சுவத்துல ஒட்டி, அளவெடுத்த புள்ளியெல்லாம் அதுல ஏத்திட்டு, கோட்ட பென்சில்ல போடாம மெல்லிசான கருப்பு டேப்பால போடுங்க. கார் டிசைன் ஸ்டுடியோல அப்படித்தான் பண்ணுவாங்க, டேப்ப இழுத்துப் பிடிச்சு ஒட்டும்போது அது தானா ஒழுங்கான வளைவா விழும், பிடிக்கலன்னா உரிச்சுட்டு மறுபடி. வளைவு சரி பாக்க மெல்லிசான ரீப்பர் குச்சி ஒண்ண ஆணிகளுக்கு நடுவுல வளைச்சுப் பாருங்க, மரம் எங்க முரண்டு பிடிக்குதோ அங்க உங்க வளைவுல கோளாறு இருக்கு.

கோடு எப்படி போகணும்? வின்ட்ஷீல்டு உச்சிலேர்ந்து கூரை உடனே படுத்துடக் கூடாது, குட்டை வின்ட்ஷீல்டு வண்டில தான் எல்லாரும் இந்த தப்ப பண்றாங்க. நம்மால பினின்ஃபரீனா மாதிரி வின்ட்ஷீல்ட உயர்த்த முடியாது, அதனால கூரையே முன் விளிம்புலேர்ந்து இன்னும் 30, 40 மில்லி மெதுவா ஏறி, உங்க தலைக்கு சற்று முன்னாடியே உச்சத்த தொட்டு, அங்கேர்ந்து இறங்க ஆரம்பிக்கணும். உச்சம் தலைக்குப் பின்னாடி போச்சுன்னா வண்டி முதுகு கூன் விழுந்த மாதிரி ஆயிடும். என் கூரைல உச்சத்துலேர்ந்து வால் விளிம்பு வரைக்கும் நீளம் 1500 மில்லி, இறக்கம் 420 மில்லி, கணக்கு போட்டா சரிவு கிட்டத்தட்ட 16 டிகிரி வருது.

இந்த டிகிரி விஷயம் அழகுக்கு மட்டும் இல்ல. பின் சரிவுக் கோணத்துக்கும் காத்து இழுவைக்கும் உள்ள தொடர்ப 1970கள்ல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் பண்ணும்போது கவனிச்சாங்க, 1984ல அகமதுங்கறவரும் கூட இருந்தவங்களும் ஒரு எளிமையான கட்டை வடிவத்த வச்சு சோதனை பண்ணி தெளிவா காட்டுனாங்க. சரிவு சுமார் 12 டிகிரி வரைக்கும் காத்து பரப்புல ஒட்டிக்கிட்டு நல்லா போகுது. அதுக்கு மேல ரெண்டு ஓரத்துலயும் சுழல் கிளம்பி வண்டி பின்பக்கத்த மேல தூக்குது, இழுவையும் ஏறிக்கிட்டே போகுது, 30 டிகிரில ரொம்ப மோசம், அதையும் தாண்டிட்டா காத்து மொத்தமா பிச்சுக்கிட்டு இழுவை சட்டுனு குறைஞ்சுடுது. நம்ம வண்டி கட்டை இல்ல, எண் அப்படியே பொருந்தாது, ஆனா திசை பொருந்தும். ரோட்ஸ்டர் நீளத்துல 12 டிகிரிக்கு வால் பத்தாது, அதனால 15லேர்ந்து 18க்குள்ள நில்லுங்க, 25, 30 பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க. வால் முடியுற இடத்த உருட்டி விடாம கத்தி மாதிரி கூர்மையா வெட்டி முடிங்க, காத்து எங்க பிரியணும்னு நீங்க தான் சொல்லணும், அதுவா முடிவு பண்ண விடக் கூடாது. வூனிபால்ட் காம் பேர்ல சொல்ற காம் வால் இந்த யோசனை தான்.

மேலேர்ந்து பாக்குற படமும் போடணும், நிறைய பேர் இத விட்டுடறாங்க. பின்னாடி போகப் போக கூரை குறுகணும், ஒரு பக்கத்துக்கு 8, 9 டிகிரிக்கு மேல போனா அங்கயும் காத்து பிரியும். முன்னாடிலேர்ந்து பாத்தா கதவுக் கண்ணாடி உள்பக்கமா சாஞ்சிருக்கும்ல, அந்த சாய்வு அப்படியே பின்னாடி பில்லர்லயும் (கூரையத் தாங்குற தூண்) தொடரணும். கண்ணாடி ஒரு கோணத்துலயும் பில்லர் ஒரு கோணத்துலயும் நின்னா, ஏன்னு சொல்லத் தெரியாட்டியும் பாக்குறவங்களுக்கு உறுத்தும். ஸ்பிட்ஃபயர் கதவுக் கண்ணாடிக்கு மேல ஃபிரேம் கிடையாது, வேகமா போறப்ப வெளிய காத்தழுத்தம் குறைஞ்சு கண்ணாடி வெளிப்பக்கமா இழுக்கப்படும், பீடிங்க (ஓரத்து ரப்பர் பட்டைய) விட்டு விலகி விசில் அடிக்கும். அதனால கண்ணாடி பீடிங்குல 3 மில்லியாவது அழுந்தி உக்காருற மாதிரி கூரையோட பக்க விளிம்ப வைங்க, கண்ணாடி ரெயில உள்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க.

படம் திருப்தியானதும் அட்டை, ரீப்பர், மாஸ்கிங் டேப், ஹாட் குளூ வச்சு வண்டி மேலயே ஒரு பொம்மைக் கூரை கட்டுங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் பாருங்க, குனிஞ்சு பாருங்க, சாயந்திர வெளிச்சத்துல பாருங்க. போட்டோ எடுக்கறதுன்னா 10 மீட்டர் தள்ளி நின்னு ஜூம் பண்ணி எடுங்க, கிட்ட நின்னு போன்ல எடுத்தா அளவெல்லாம் கோணலா தெரியும். ஒரு வாரம் அப்படியே விடுங்க. நான் முதல்ல பண்ண பொம்மைய அஞ்சாவது நாள் பாத்தப்ப வால் 40 மில்லி உசரமா இருக்குன்னு பட்டுச்சு, வரைஞ்சப்ப தெரியவே இல்ல. உள்ள உக்காந்து ரியர்வியூ மிரர்ல என்ன தெரியுதுன்னும் இப்பவே பாருங்க, 16 டிகிரில படுத்திருக்குற பின் கண்ணாடி எவ்ளோ நீளமா இருந்தாலும் மிரர்ல ஒரு தபால் பெட்டி வாய் அளவு தான் தெரியும். தோளுக்குப் பின்னாடி ஒரு பக்கக் கண்ணாடி வைக்காம விட்டுடாதீங்க, ரவுண்டானால அது இல்லாம ரொம்ப கஷ்டம்.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல வேண்டிய இடம் வந்துடுச்சு, பெட்ரோல். ஸ்பிட்ஃபயர்ல டேங்க் சீட்டுக்குப் பின்னாடி டிக்கி முன்பக்கம் நிக்குது, மூடி டெக் நடுவுல. முழு நீள ஃபாஸ்ட்பேக் மாட்டுன உடனே அந்த மூடி உங்க கேபினுக்குள்ள வந்துடும். திறந்த வண்டியா இருந்தப்ப கசியுற ஆவி காத்துல போச்சு, இப்ப உங்க கூடவே உக்காந்திருக்கும், நீங்களும் சீட்டுல, பக்கத்துல பழைய வயரிங்கும். ஜிடி6ல கம்பெனி டேங்க ஓரத்துக்கு நகர்த்தினதுக்கு காரணம் புரியுதா. டெயில்கேட்ட (மேல தூக்கித் திறக்குற பின் கதவ) திறந்து உள்ள பெட்ரோல் ஊத்திக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நான் பண்ணது, இடது பின் பில்லர்ல வெளிய மூடி வச்சு, அங்கேர்ந்து டேங்க் வரைக்கும் எத்தனால் தாங்குற ஃபில்லர் ஹோஸ், எங்கயும் தொங்காம தொடர்ந்து கீழ்நோக்கி ஓடுற மாதிரி. 2021லேர்ந்து இங்க பம்ப்ல வர்ற சாதாரண பெட்ரோல் இ10, 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஹோஸ அது தின்னுடும். ஹோஸ சுத்தி ஒரு பைபர்கிளாஸ் பெட்டி, அது கேபின் பக்கம் முழுசா அடைச்சது, அடில வெளிய ஒரு வடிகால். டேங்கோட மூச்சுக் குழாயும் வெளிய தான் போகணும். கூரைய கழட்டும்போது ஹோஸும் கூட வந்துடும், பழைய மூடி பழைய இடத்துக்கு.

சீட்டுக்குப் பின்னாடி கம்பெனி வச்சிருக்குறது வெறும் அட்டை. அத எடுத்துட்டு 1.2 மில்லி அலுமினிய தகடு வெட்டி, டெக் அடி வரைக்கும் ஏத்தி, ஓரமெல்லாம் தீ தாங்குற சீலன்ட் போட்டு அடைங்க. வயர் போற ஓட்டைக்கெல்லாம் குரோமெட், அதாவது ரப்பர் வளையம்.

பெட்ரோலுக்கு அடுத்தது புகை. ஃபாஸ்ட்பேக் வண்டியோட வாலுக்குப் பின்னாடி அழுத்தம் குறைவு, அங்க தான் சைலன்சர் புகையும் சுழலுது, டெயில்கேட் பீடிங்ல சின்ன சந்து இருந்தா உள்ள உறிஞ்சிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சைலன்சர் வாய வால் விளிம்ப தாண்டி வெளிய நீட்டுங்க, டெயில்கேட்ட சுத்தி குழல் பீடிங் போடுங்க, ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி சீட்டுக்குப் பின்னாடி ஒட்டுங்க. இது மூணும் பண்ணாம நீண்ட பயணம் போகாதீங்க.

அடுத்து பிளக், அதாவது கூரையோட முழு உருவ பொம்மை. வண்டிய பிளாஸ்டிக் ஷீட்டால மூடிட்டு, கூரை உக்காருற விளிம்புல மட்டும் பேக்கிங் டேப் ஒட்டி, பீடிங்குக்காக 4 மில்லி சந்து விட்டு, 9 மில்லி பிளைவுட்ல 150 மில்லிக்கு ஒரு குறுக்குச் சட்டம் நிறுத்துங்க. நடுவுல நிரப்ப தெர்மோகோல் வேண்டவே வேண்டாம், பாலியஸ்டர் ரெசின் பட்டா சர்க்கரை மாதிரி கரைஞ்சுடும், பாலியூரிதேன் ஃபோம் தான். நீளமான கட்டைல உப்புத்தாள் ஒட்டி குறுக்குமறுக்கா தேய்ச்சு, பட்டி போட்டு, பிரைமர் அடிச்சு, மறுபடி தேய்ச்சு, இது தான் மொத்த வேலையிலயும் நேரத்த விழுங்குறது, எனக்கு ஒரு இலையுதிர்காலம் முழுக்க ஓடிடுச்சு. சமமா வந்துடுச்சுன்னு கை சொல்றத மட்டும் நம்பாதீங்க, கருப்பு கிளாஸ் பெயின்ட் ஒரு கோட் அடிச்சு மேல டியூப்லைட்ட நீளமா பிடிங்க, பரப்புல ஓடுற வெளிச்சக் கோடு எங்க நெளியுதோ அங்க மேடு பள்ளம் இருக்கு. இடது வலது ஒண்ணா இருக்கான்னு பிளைவுட்ல ஒரு பக்கத்துக்கு டெம்ப்ளேட் வெட்டி அடுத்த பக்கம் திருப்பி வச்சுப் பாருங்க.

ஒரே ஒரு கூரை தான்னா மோல்டே (பிளக் மேல எடுக்குற அச்சு) இல்லாம, 10 மில்லி பிவிசி ஃபோம் பட்டைகள சட்டத்து மேல ஒட்டி ரெண்டு பக்கமும் பைபர்கிளாஸ் போட்டும் முடிக்கலாம், வெளிய தேய்க்கிற வேலை மட்டும் கூடும். என் நண்பருக்கும் ஒண்ணு வேணும்னதால நான் மோல்டு எடுத்தேன். பக்கங்கள் உள்ள சாயுறதால ஒரே துண்டு மோல்டுன்னா கூரை வெளிய வராது, மூணு துண்டா பிரிச்சு ஃபிளேஞ்சுல (சேருற ஓர மடிப்புல) போல்ட் போடணும். பிளக்குக்கு ஆறு கோட் வேக்ஸ், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு மணி நேரம், மேல மோல்டு ஒட்டிக்காம வர்றதுக்கு பிவிஏ பூச்சு. மோல்டு 5, 6 மில்லி தடிமன் வரணும், பிளக் மேல இருக்கும்போதே வெளிய பிளைவுட் விலா ஒட்டிடுங்க, ரெண்டு வாரம் அப்படியே விடுங்க. அவசரப்பட்டு பிரிச்சா சுருங்கி முறுக்கிக்கும்.

கூரைக்கு ஜெல்கோட் (வெளிப்பரப்பா வர்ற ரெசின் பூச்சு) அரை மில்லி, அதுக்கு மேல சதுர மீட்டருக்கு 450 கிராம் பைபர்கிளாஸ் மேட் ரெண்டு லேயர், ஒரு லேயருக்கு கிட்டத்தட்ட 1 மில்லி கணக்கு. ரெசின் மேட் எடைய போல ரெண்டேகால் மடங்கு, அதுக்கு மேல ஊத்துனா எடை தான் ஏறும் பலம் ஏறாது. ரோலர் வச்சு காத்துக் குமிழி ஒண்ணு விடாம எடுக்கணும். விளிம்பு, கண்ணாடி ஓட்டை சுத்தி, போல்ட் இடம் இங்கெல்லாம் இன்னும் ரெண்டு லேயர், மேல நடுவுல குறுக்கா ரெண்டு ஃபோம் விலா வச்சு மூடுனா கூரை தட்டுனா டமடமன்னு அடிக்காது. சுமார் 2 சதுர மீட்டர் பரப்பு, சராசரி இரண்டரை மில்லின்னா 7 கிலோ சொச்சம், ஃபிளேஞ்ச், விலா எல்லாம் சேத்து 11, 12 கிலோல நிக்கும், கண்ணாடி இல்லாம. கராஜ் 18 டிகிரிக்கு கீழ இருந்தா ஹீட்டர் போட்டு சூடு பண்ணிட்டு, ஹீட்டர அணைச்சு வெளிய எடுத்து வச்சுட்டு தான் பிரஷ் கழுவுற அசிட்டோன் டப்பாவ திறக்கணும். ரெசின இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் ஒண்ணரை சதவீதம். அது ஒரு சொட்டு கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாம பாட்டில தொடாதீங்க, ஆர்கானிக் வேப்பர் மாஸ்க்கும் கட்டாயம்.

மாட்டுறப்ப நான் பட்டத சொல்றேன். வேற வேலைக்காக வண்டி ஸ்டாண்டு மேல நின்னுச்சு, அந்த நிலையிலயே கூரைய மாட்டி எல்லா போல்ட்டையும் இறுக்கிட்டேன், அவ்ளோ அழகா உக்காந்துச்சு. சக்கரத்துல இறக்குன உடனே வலது கதவு உரசுச்சு, ரெண்டு வாரத்துல பின் கண்ணாடி ஓட்டையோட மூலைல ஜெல்கோட் முடி மாதிரி வெடிச்சு ஓடுச்சு. ரொம்ப மனசு கஷ்டமாயிடுச்சு. ஸ்பிட்ஃபயர் சேஸிஸ் முறுக்கிக்கிட்டே தான் ஓடும், அந்த முறுக்க எல்லாம் கூரை தாங்கணும்னு எதிர்பாத்தது தப்பு. இப்ப முன் சட்டத்துல மட்டும் இறுக்கமான போல்ட், பின்னாடி டெக்ல நீள்வட்ட ஓட்டை, ரப்பர் புஷ், பெரிய வாஷர், அதிர்வுல கழலாத நைலாக் நட்டு. ஓட்டை மூலையெல்லாம் 50 மில்லி ரேடியஸுக்கு திருத்தி மறுபடி லேயர் போட்டேன், அதுக்கப்புறம் ஒரு வெடிப்பும் இல்ல. எம்ஜிபி மாதிரி மோனோகாக் வண்டிலயும் இப்படியே பண்ணுங்க, அதுங்களும் கூரை இல்லாத நிலைல கொஞ்சம் வளையுறது தான்.

பின் கண்ணாடிக்கு கீறல் விழாத கோட்டிங் உள்ள 4 மில்லி பாலிகார்பனேட் போட்டேன். சூடு பண்ணாம வளைக்கணும்னா வளைவோட ஆரம் தடிமனப் போல குறைஞ்சது 100 மடங்கு, அதாவது 400 மில்லி, கோட்டிங் போட்ட ஷீட்டுக்கு அதுக்கும் மேல, சப்ளையர் தர்ற எண்ண பாருங்க. ஒரே திசைல மட்டும் தான் வளையும், அதனால அந்த இடத்துல கூரைய ரெண்டு பக்கமும் உருட்டாதீங்க, படம் போடும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு மீட்டர் ஷீட்டு 40 டிகிரி வெயில் வித்தியாசத்துக்கு இரண்டரை மில்லிக்கு மேல நீளும், போல்ட் ஓட்டைய பெருசா விடுங்க. பெட்ரோல் பட்டா வெடிச்சு மங்கிடும், ஃபில்லர் மூடிய கண்ணாடிலேர்ந்து தள்ளி வச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டெயில்கேட்டுக்கு கேஸ் ஸ்ட்ரட் எத்தன நியூட்டன்னு கணக்கு சுலபம் தான். என் கேட் கண்ணாடியோட 12 கிலோ, எடை மையம் கீல்லேர்ந்து அரை மீட்டர், அப்ப 59 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட் கோட்டுக்கும் கீலுக்கும் நேர் தூரம் 120 மில்லி, ரெண்டு ஸ்ட்ரட், ஒண்ணுக்கு 245 வருது, 20 சதவீதம் சேத்து 300 வாங்குங்க. 500 வாங்குனா கேட் மூடி இருக்கும்போதே பைபர்கிளாஸ வளைச்சு பீடிங்ல சந்து விட்டுடும், சந்து வந்தா மறுபடி புகை.

வெயில் நாள்ல உள்ள அடுப்பு மாதிரி இருக்கும். ஜிடி6லயும் இதே புகார் வந்து தான் 1968 மார்க் 2ல பின் பில்லர்ல காத்து வெளியேற துவாரம் வச்சாங்க, நானும் அதே இடத்துல வச்சேன், உள்ள ரப்பர் மடல் போட்டு, காத்து வெளிய மட்டும் போற மாதிரி. இன்னொண்ணு, இந்தக் கூரை வண்டி உருண்டா உங்கள காப்பாத்தாது. காப்பு வேணும்னா ரோல் பார் தனியா போடணும், கூரைக்கு அடில அதுக்கு இடம் வேணும்னா படத்துலயே விடணும், ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்துல வெறும் இரும்புக் குழாய் இருக்குறது ஆபத்து, நல்ல ரோல் பார் பேடிங் போட்டே ஆகணும்.

எல்லாம் முடிஞ்சதும் கம்பளி நூல 75 மில்லி துண்டா வெட்டி 100 மில்லிக்கு ஒண்ணா கூரை பூரா ஒரு முனைய டேப்பால ஒட்டி, காலியான ரோட்டுல 60 மைல் வேகத்துல போங்க, நண்பர் பக்கத்து லேன்ல வர, அவர் கூட உக்காந்திருக்குறவர் வீடியோ எடுக்கட்டும். நூல் பரப்போட ஒட்டி நேரா படுத்தா காத்து ஒட்டிப் போகுது, எழும்பி ஆடுனாலோ முன்னாடி திரும்புனாலோ அங்க பிரியுது. எனக்கு நடுவுல எல்லாம் நேரா இருந்துச்சு, வால் ஓரம் ரெண்டுலயும் கடைசி மூணு வரிசை சுழண்டுச்சு. வால் விளிம்புல 10 மில்லி உயரத்துக்கு அலுமினிய எல் பட்டை ஒண்ண டேப்ல ஒட்டிட்டு திரும்ப ஓட்டிப் பாத்தோம், ஓரத்துல ஒரு வரிசை தவிர மத்தது அடங்கிடுச்சு, நெடுஞ்சாலைல லாரிய தாண்டும்போது பின்பக்கம் லேசா அலையுறதும் குறைஞ்சுது. அந்தப் பட்டைய அப்புறம் பைபர்கிளாஸ்ல பண்ணி வாலோட சேத்து பெயின்ட் அடிச்சுட்டேன்.